கை மாறிய சங்கு

பெரியவளே, நீ பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு நான் ஊரை விட்டுப் போக வேண்டியவனாக இருந்தேன். பையில் துணிகூடக் கட்டியாகிவிட்டது. அந்தப் பயணம் எப்படி நின்றது என்று நீங்கள் இருவரும் ஆளுக்கொரு விதமாகக் கேட்டுவிட்டீர்கள். நான் பத்தாவது வரை படித்தவன். தெரிந்தபடி எழுதுகிறேன்.

நம் ஐயம்பேட்டை வீட்டுத் தறியில் எனக்கு நான்கு வருஷம்தான் வேலை செய்ய முடிந்தது. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் அரை மணியில் முதுகு பிடித்துக்கொள்ளும். அதனால் சேலைக்கு டிசைன் போடும் வேலைக்குப் போனேன். சின்னச் சின்னக் கட்டம் போட்ட கிராஃப் தாளில் பென்சிலால் பூவும் மயிலும் வரைவது. பிறகு மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்ப் படம் திருத்தும் சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டு, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் தற்காலிகமாக உட்கார்ந்தேன். ஸ்டுடியோக்காரருக்கு என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு வரவில்லை. அதே சமயம் உங்கள் மாமா ஓசூரில் ஒரு கம்பெனியில் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தார். அங்கேயே தங்க வேண்டும், மூன்று ஷிஃப்ட். திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி பஸ்ஸில் கிளம்பிப் போய்ச் சேர வேண்டும். உங்கள் அம்மாவுக்கோ ஏழாவது மாதம்.

அந்தக் கடைசி வாரத்தில்தான் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மாமி ஸ்டுடியோவுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெண் அமெரிக்காவில் இருந்தாள்.

"என் பொண்ணு ஆல்பத்தைக் கம்ப்யூட்டர்லயே பண்றா. ஸ்கிராப்புக்னு பேராம். போட்டோவுக்குப் பின்னாடி போடற காகிதத்தையும் அதிலேயே பண்ணிக்கணுமாம். அவளுக்குக் கெடைக்கறதெல்லாம் ரோஜாப்பூவும் கரடி பொம்மையும். எங்க அறுபதாம் கல்யாண போட்டோவுக்குப் பின்னாடி கரடி பொம்மை போட முடியுமா சொல்லுங்கோ."

பெண்ணால் அந்தக் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. அதனால்தான் இந்த ஆல்பம். சக்கரம், நாமம், சங்கு மூன்றும் வரிசையாக, சுற்றிக் கொடியோடு, மங்கலாக, பக்கம் முழுவதும் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஒரு கட்டம் செய்து சி.டி.யில் போட்டுக் கொடுத்தால் போதும், எத்தனை பெரிய பக்கமானாலும் அவள் அதை அடுக்கி நிரப்பிக்கொள்வாள்.

மாமி போன பிறகு ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா. நீதான் டிசைன் போட்டவன். மாமி நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா அந்த சீட்டு உன்னுது. இல்லன்னா நீ ஓசூருக்கே போய்ட்டு வா."

நாமத்தின் வடிவத்தை மாமி தாமே ஒரு தாளில் வரைந்து கொடுத்திருந்தார். நாமத்தின் அடிப்பக்கம் எப்படி முடிய வேண்டும், வடகலையா தென்கலையா என்பது அந்தத் தெருவில் லேசான விஷயமில்லை என்று எனக்கும் தெரியும். நாம் சிவன் கோயிலுக்குப் போகிற வீட்டுக்காரர்கள். அதனால் பயந்து பயந்து, அவர் வரைந்ததை ஸ்கேன் செய்து அதன் மேலேயே கோடு இழுத்தேன். என் முழு கவனமும் நாமத்தின் மேல்தான்.

கட்டம் நன்றாக வந்தது. பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்த்தால்தான் கோளாறு. ஒரு கட்டத்தின் வலது ஓரத்தில் முடிகிற கொடி அடுத்த கட்டத்தின் இடது ஓரத்தில் தொடங்கவில்லை. இது மேலே நின்றால் அது கீழே நிற்கிறது. பக்கம் முழுக்கச் சுவரில் விரிசல் விட்டதுபோல் கோடு கோடாகத் தெரிந்தது.

அப்போது எனக்குப் பழைய வேலை கைகொடுத்தது என்று நினைத்துக்கொண்டேன். சேலையில் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஜோடி மயில்களைப் பார்த்திருப்பீர்கள். கிராஃபில் நாங்கள் ஒரு மயிலைத்தான் வரைவோம். தறியில் நூல் கட்டியிருக்கும் முறையிலேயே இன்னொரு மயில் எதிர்ப்பக்கம் திரும்பி வந்துவிடும். பாதி வரைந்து திருப்பிப் போடுவது என் கைக்கு மூச்சு விடுவதுபோல. கட்டத்தை நகல் எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பி, முதல் கட்டத்தோடு ஒட்டினேன். ஓரத்தோடு ஓரம் அப்படியே பொருந்திவிட்டது. கொடி எங்கும் அறுபடவில்லை. இவ்வளவுதானா இது என்று எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துச் சுருட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் சீட்டுக்கு மேலே பெயிண்டில் சக்கரம், நாமம், சங்கு எழுதியிருந்தது. நாம் பார்க்கும்போது சக்கரம் இடது பக்கம், சங்கு வலது பக்கம். சும்மா இருக்காமல் என் தாளைப் பிரித்துப் பார்த்தேன். முதல் வரிசையில் முதலாவது அதேபோல் இருந்தது. இரண்டாவதில் சங்கு இடது பக்கம் வந்திருந்தது. மூன்றாவது சரி. நாலாவது மறுபடி மாற்றி. சங்கின் வாய்கூடத் திரும்பியிருந்தது. நாமம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் அதில் ஒன்றும் தெரியவில்லை.

பஸ்ஸில் எழுதிய பெயிண்டர்தான் தப்பாக எழுதிவிட்டார் என்று முதலில் நினைத்தேன். இறங்கித் தெருவில் நடந்தபோது ஒரு வீட்டு வாசலுக்கு மேலே இருந்தது, பஸ்ஸில் இருந்தது போலவே. அடுத்த வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வாசலுக்கு வந்தபோது ஊரில் உள்ள பெயிண்டர்கள் எல்லாரும் சேர்ந்து தப்புச் செய்ய முடியாது என்று புரிந்தது. பெருமாளுக்கு வலது கையில் சக்கரம், இடது கையில் சங்கு. நான் ஒன்று விட்டு ஒன்று கை மாற்றிவிட்டிருந்தேன்.

திரும்பிப் போய்விடலாம் என்று நின்றேன். அதற்குள் மாமி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "வாப்பா, வா. ஏன் அங்கேயே நிக்கறே?"

தாளை மேஜையில் விரித்ததும் தாம் வரைந்த நாமத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். விரலால் வளைவைத் தடவிப் பார்த்தார். அவருக்கும் நாமத்தின் மேல்தான் கண்.

"ரொம்ப நன்னா வந்திருக்கு. கொடிகூட எங்கேயும் விட்டுப் போகலை. இதையே சி.டி.யில போட்டுக் குடுத்துடு. ஸ்டுடியோவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சீட்டு என்னுடையது. ஓசூர் இல்லை. அவர் போனைக் கையில் எடுத்துவிட்டார். ஆனால் அந்தப் பெண் அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து, இதன் மேல் அப்பா அம்மா போட்டோவை ஒட்டப் போகிறாள்.

"மாமி, போனை வச்சிடுங்க. சங்கும் சக்கரமும் கை மாறிப்போச்சு. ரெண்டாவதைப் பாருங்க."

மாமி பார்த்தார். உள்ளேயிருந்து அவருடைய வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்தார்.

"ஆமாம். பெருமாள் ஒண்ணு விட்டு ஒண்ணு கையை மாத்திண்டிருக்கார். பாவம், ஒரே கையில வச்சிண்டு வலிச்சிருக்கும்."

"உங்களுக்கு எல்லாமே வேடிக்கை. நம்ம பொண்ணு பார்த்தா பரவாயில்லை. அவ மாமியார் பார்த்தா?" என்ற மாமி என் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையோட சித்தப்பா அமெரிக்கா கிளம்பறார், அவர்கிட்டதான் குடுத்தனுப்பணும். காலம்பற எட்டு மணிக்குள்ள சரி பண்ண முடியுமா?"

முடியும் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

ஸ்டுடியோக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சொல்லாம வந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்குமேப்பா. சரி, நாளைக்கு நான் முகூர்த்தத்துக்குப் போறேன். சாவியை வச்சிக்க. மாமி இன்னா சொல்றாங்களோ அதான் முடிவு."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஒற்றைக் கட்டத்தை மட்டும் பிரிண்ட் எடுத்திருந்த சின்னத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் அம்மா அப்போது பாவு பிணைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தறியில் முடிந்துபோன பாவின், அதாவது நீளவாட்டு நூலின், ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை முறுக்கிச் சேர்ப்பதுதான் அந்த வேலை. ஆயிரக்கணக்கான இழை. அவள் சேர்த்த இடம் எது என்று கண்ணுக்குத் தெரியாது.

"இன்னா, மூஞ்சியே சரியில்ல?"

சொன்னேன். திருப்பினால் சாமிக்குக் கை மாறுகிறது, திருப்பாவிட்டால் கொடி அறுந்து நிற்கிறது என்று.

"கம்ப்யூட்டர்லயும் போய் மயில் நெய்ஞ்சிக்கினு இருக்கிறியா நீ? எங்க, கொடி எங்க அறுந்துக்கினு இருக்குது காட்டு."

"இந்த ஓரத்துலயும் அந்த ஓரத்துலயும்."

"ரெண்டு ஓரத்துலயும் ஒரே நேரத்துல எப்படிக் கை வைப்ப?" என்றாள். பிறகு கேழ்வரகு மாவு டப்பாவை எடுத்து முந்தானையால் துடைத்து, அந்தத் தாளை அதன் மேல் சுற்றினாள். சரியாக ஒரு சுற்று வந்தது. இடது ஓரமும் வலது ஓரமும் முட்டிக்கொண்டு நின்றன. டப்பாவைத் திருப்பி அந்த இடத்தை என் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"இப்ப ஓரம் எங்க இருக்குது? நடுவுல வந்துடுச்சு பாரு. இங்க உக்காந்து கொடியைச் சேர்த்துடு. அப்புறம் பின்னால எங்க வேணா வெட்டிக்க. வெட்டின இடம் எப்பவும் சேரும். ஒண்ணாயிருந்ததுதான அது."

நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா, தப்பா சொல்லிட்டனா?"

"இல்லம்மா. மூணு மாசம் கிளாஸ்ல இதைச் சொல்லிக் குடுக்கல."

"பீஸை என்கிட்ட கட்டியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டுடியோவைத் திறந்தேன். டப்பாவில் செய்ததைக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும். கட்டத்தை நடுவில் இரண்டாக வெட்டினேன். வலது பாதியை இடது பக்கமும் இடது பாதியை வலது பக்கமும் நகர்த்தி வைத்தேன். எதையும் திருப்பவில்லை, இடம்தான் மாற்றினேன். பழைய ஓரங்கள் நடுவில் வந்து முட்டின. அறுந்த கொடியை அங்கே ஒரு இலை, இங்கே ஒரு சுருள் என்று பக்கத்திலிருந்தே நகல் எடுத்து ஒட்டிச் சேர்த்தேன். மேலும் கீழும் கொடி முதலிலேயே சேர்ந்துதான் இருந்தது; பிறகு இரண்டு பாதிகளையும் பழைய இடத்துக்கே மாற்றி வைத்தேன். பத்து மணிக்கு ஆரம்பித்தது, சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கடைசியில் பக்கம் முழுக்க அடுக்கிப் பார்த்தேன். கோடு இல்லை. விரிசல் இல்லை. எல்லாப் பெருமாளுக்கும் வலது கையில் சக்கரம்.

திங்கட்கிழமை காலை துணிப்பையையும் தூக்கிக்கொண்டே சின்னக் காஞ்சிபுரம் போனேன். மாமி சரியில்லை என்று சொன்னால் அங்கிருந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடலாம் என்று. இந்தமுறை மாமி நாமத்தைப் பார்க்கவே இல்லை. அவரும் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து விரல் வைத்துக்கொண்டு வந்தார்கள். சக்கரம், சங்கு. சக்கரம், சங்கு. வரிசை வரிசையாக. சுவர்க் கடிகாரம் எட்டேகால் காட்டியது. வலது ஓரத்தில் வந்ததும் வீட்டுக்காரரின் விரல் நின்றது.

"இங்கே ஒரு சங்கு பாதிதான் இருக்கே."

"அது பேப்பர் முடியற இடம் சார். துணியை வெட்டினா பூ பாதியில நிக்குமே, அது மாதிரி. பெரிய பக்கத்துல போட்டா மீதி வந்துடும்."

"அப்ப சரி. இனிமே கை வலிக்காது" என்று மாமியைப் பார்த்தார்.

மாமி போனை எடுத்தார். நான் பையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆமாம், வந்துடுத்து. தப்பு பண்ணினார், பண்ணலைன்னு சொல்லமாட்டேன். அவரே சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. பொண்ணு இன்னும் நாலஞ்சு டிசைன் கேட்டிருக்கா. இவர்கிட்டயே குடுங்கோ." பிறகு என்னிடம் போனை நீட்டினார்.

"கடைக்கு வா" என்றார் ஸ்டுடியோக்காரர். "பையை வீட்ல வச்சிட்டு வா."

தெருவுக்கு வந்தேன். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன். ஓசூர் பஸ் கிளம்பும் நேரம் ஆனபோது நான் ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் இருந்தேன். அப்புறம் போனில் சொன்னபோது உங்கள் மாமா, "சங்கு வரைஞ்சிக்கினு அங்கயே உக்காரு" என்று திட்டினார். அவர் திட்டியதுகூட அன்று நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மா எழுந்து வந்தாள். என் கையிலிருந்த பையை வாங்கிப் பிரித்தாள். அடியில் கேழ்வரகு மாவு டப்பா இருந்தது. சுற்றிய தாள் அப்படியே. மூடி மட்டும் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஓசூர்ல வேலை முடிஞ்சி வந்தா கஞ்சி காய்ச்சிக் குடிப்பன்னு வச்சேன்" என்று டப்பாவை எடுத்து மறுபடியும் அலமாரியில் வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் ஸ்டுடியோ போன் அடித்தது. உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மாமியின் பெண்ணுக்காகச் செய்துகொண்டிருந்த மாங்காய்க் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். நடந்தாலே பத்து நிமிஷம்தான். பெரியவளே, நீ அழுத சத்தத்தை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.