போர்ப் படத்தில் வைத்த பொட்டு

நடக்காத சண்டையில் செத்தவனுக்கு யாராவது படையல் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன், ரங்கூனில், எங்கள் வீட்டிலேயே.

கட்டுரை எழுத வேண்டுமென்று எங்கள் பர்மியப் பேராசிரியரிடம் ஒரு பழைய ஐரோப்பியப் போர்ப் படத்தை இரவல் வாங்கி வந்திருந்தேன். ஸயா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். செப்புத் தகட்டை அமிலத்தில் அரித்து அச்செடுத்த படம். குதிரைகள், புகை, விழுந்து கிடக்கும் ஆட்கள், எல்லாமே ஓவியனின் கற்பனை. ஸயாவுக்கு அது உயிர்.

மறுநாள் அமாவாசை. கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால், குதிரைக்கடியில் கிடந்த ஒரு பையனின் நெற்றியில் குங்குமம் ஈரமாக ஊறியிருந்தது. எதிரே இலையில் சோறு.

"ஐயோ அம்மா! ஸயா என்னைக் கொன்னே போடுவாரு. இது யாருன்னு நெனச்ச?"

"உங்கண்ணன்தான்."

அண்ணன் முதல் உலகப் போரின்போது பாஸ்ரா போர்முனைக்குச் சுமை தூக்கப் போனவன். திரும்பி வரவில்லை.

"இது கற்பனைம்மா! இப்படி ஒரு சண்டையே நடக்கல!"

"எனக்கு வந்தது தந்திதானேடா. அதுல மூஞ்சியா இருந்துச்சு? பொட்ட எங்க வைக்கச் சொல்ற?"



ஸயாவிடம் படத்தோடு போய் நடந்ததை அப்படியே சொன்னேன். ஸயா கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல உன் அண்ணன் எது?"

காட்டினேன்.

"வீட்டுக்கே கொண்டு போ," என்றார்.

அதற்குப் பிறகு எதையும் 'வெறும் கற்பனை' என்று நான் சட்டென்று சொல்வதில்லை.

படம் இப்போது சாமி மாடத்தில் இருக்கிறது. அந்தப் பையனின் மூக்கு அண்ணன் மூக்கு மாதிரியே இல்லை.