உள்ளங்கை மாஸ்டரின் தட்டு

என் தம்பி நூல் ஆலை கேன்டீனில் சமையல் மாஸ்டர். எங்கள் குடும்பத்தில் செய்யும் தொழிலில் பெயர் எடுத்தவன் அவன் ஒருவன்தான். ஆலையில் அவனை உள்ளங்கை மாஸ்டர் என்பார்கள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, கண்ணை மூடி யோசித்து, இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்பான். அந்தக் கை சொன்னால் சொன்னதுதான். மறுபேச்சு கிடையாது.

இதில் ஒரு கோளாறும் உண்டு. காலையிலிருந்து சொட்டுச் சொட்டாக நக்கிக்கொண்டே இருப்பவனுக்கு உட்கார்ந்து சாப்பிடத் தோன்றாது. ஆலைக்கே சோறு போட்டவன் ஒரு தட்டு சோற்றை முழுசாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் மனைவியும் பார்த்ததில்லை.

சிமென்ட் தரையில் நின்று நின்று வலது முழங்கால் தேய்ந்துபோனது. செயற்கை மூட்டு வைத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தொல்லை. மாத்திரையில் வாய் கசந்தது, வயிறு கட்டிக்கொண்டது. முட்டை, மீன், பருப்பு, தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்க வேண்டும், கீரையும் பழமும் வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தையல் ஆறுவதும் தொடையில் சதை பிடிப்பதும் அதில்தான் இருக்கிறதாம். தம்பி மனைவி அதில் ஒன்றையும் விடவில்லை. அவனோ கட்டிலில் சாய்ந்தபடி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டு, நல்லா இருக்கு என்று தட்டைத் தள்ளிவிடுவான்.

அடுத்த தடவை டாக்டர் கட்டைப் பிரித்தபோது தையலின் கீழ்முனை ஈரமாகவே இருந்தது. தொடை மெலிந்திருந்தது. சாப்பிடாமல் இப்படியே இருந்தால் புண் ஆறாது, பயிற்சி செய்யவும் தெம்பு இருக்காது, அடுப்படியில் நிற்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆலை மேனேஜரும் இரண்டு மாதம் வரைதான் இடத்தை விட்டு வைப்பதாகச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் என்று விடுதி ஒன்றில் சமைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

ஆலை லாரி டிரைவர் தம்பிக்கு நெருங்கிய சிநேகிதர். நோயாளிக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் ஒன்று சொன்னார்.

"மாஸ்டர், கேன்டீனப் பத்தி ஒண்ணும் கவலப்படாதீங்க. அந்தம்மா முட்டைக் குழம்பு வச்சா, நம்ம பசங்க ரெண்டாவது தடவ தட்டத் தூக்கிட்டு நிக்கிறானுங்க."

தம்பியின் முகம் சுண்டிப்போனது. நாளைக்கு அதில் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னான்.

மறுநாள் கேரியர் வந்தது. ஒரு சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. உப்பு தூக்கல் என்றான். சந்தேகம் தீர இன்னொரு சொட்டு. வெங்காயம் வதங்கவில்லை என்றான். சோற்றோடு பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்று பிசைந்தான். முட்டைக்குள் காரம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு முட்டையைத் தின்றான். அதில் மட்டும் தப்பித்தவறி இறங்கியிருக்கலாம் என்று இன்னொன்றையும் தின்றான். கேரியர் காலி. தண்ணீரும் தானாகக் கேட்டுக் குடித்தான்.

அதிலிருந்து தினமும் கேரியர் வந்தது. மீனில் கவுச்சி போகவில்லை என்பான். தட்டோரத்தில் முள் மட்டும் கிடக்கும். பருப்பு கட்டி தட்டியிருக்கிறது என்பான். கட்டியைக்கூட மிச்சம் வைக்க மாட்டான். குறைகளை ஒன்று விடாமல் டிரைவரிடம் சொல்லி அனுப்புவான். தையல் காய்ந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தான். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

தம்பி மனைவிக்கு அப்படி இல்லை. ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் பண்ணினா ஒரு சொட்டு, அண்ணி. எவளோ பண்ணினா பாத்திரத்தையே வழிக்கிறாரு."

"எப்படியோ உள்ள போகுதுல்ல, விடு."

"நீங்க விடுவீங்க. உங்க தம்பிதானே. எம் புருஷன்ல அவரு."

நான் தேய்த்த பாத்திரங்களை எடுத்து அடுக்கினேன்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை மறுபடியும் டிரைவரே கெடுத்தார். கேரியரை வைத்துவிட்டு, "நீங்க சொல்லி அனுப்புறத அந்தம்மா அப்படியே கேட்டு நடக்குது மாஸ்டர். இப்பல்லாம் மேனேஜரே வீட்டுச் சாப்பாட்ட விட்டுட்டுக் கேன்டீனுக்கு வந்துடுறாரு" என்றார்.

தம்பியின் கை பாதியில் நின்றது. தன் இடத்தில் நிற்பவளுக்குத் தானே தொழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மறுநாள் கேரியரைத் திறக்காமலே, நல்லா இருக்குன்னு சொல்லிடு என்று திருப்பி அனுப்பினான். பழையபடி வீட்டுச் சாப்பாட்டில் ஒரு சொட்டு மட்டும் என்றாகிவிட்டது. அந்த வாரமே பயிற்சி செய்யும்போது கால் நடுங்க ஆரம்பித்தது. நான் திட்டித் தீர்த்தேன். தான் வாயைத் திறந்து குறை சொன்னால் அந்தக் கேன்டீன் அம்மாளுக்குத்தானே லாபம் என்று முறைத்தான். அதைச் சொல்லவே வாயைத் திறந்திருக்கிறாய், அப்படியே ஒரு கவளம் போட்டுக்கொள் என்றேன்.

அன்று மத்தியானம் தம்பி மனைவி சோறு, கீரை போட்ட பருப்பு, முட்டை, தயிர் எல்லாம் வைத்த தட்டை அவன் மடியிலேயே வைத்தாள். எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"குறை சொல்லுங்க."

உள்ளங்கையில் ஒரு சொட்டு. "நல்லா இருக்கு."

"அத மட்டும் சொல்லாதீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு அந்தக் கேரியரத் திருப்பி அனுப்பினப்பவே தெரிஞ்சுபோச்சு. மொகம் தெரியாதவளுக்கு உப்பு, காரம், கொதின்னு அவ்வளவும் சொல்லிக் குடுத்தீங்களே. இத்தன வருஷத்துல எனக்கு ஒண்ணு சொல்லியிருக்கீங்களா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவன் மெதுவாகச் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டான்.

"பருப்பு சரியா வேகல."

"அப்புறம்?"

"கீரைய மூடி வச்சு வேகவச்சிருக்க. நிறம் செத்துப்போச்சு."

"அப்புறம்?"

ஒவ்வொரு குறைக்கும் ஒரு கவளம் உள்ளே போனது. ஒவ்வொரு குறைக்கும் அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் தயிர் புளிப்பு என்று சொல்லி, தட்டை வழித்தான்.

கெடு முடிவதற்குள் அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். அடுப்புக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேனேஜர் அந்த அம்மாளை அனுப்பாமல் மாலை ஷிப்டில் வைத்துக்கொண்டார். அதில் தம்பிக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான். வேலை முடிந்த பிறகும் எதையோ துடைப்பது போல நின்று, அவள் குழம்பிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவானாம். வாய் மட்டும் திறப்பதில்லை என்று டிரைவர் சொன்னார். வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்து, ஒரு தட்டு முழுவதும் குறை சொல்லிச் சாப்பிடுகிறான்.

போன வாரம் நானும் கூட இருந்தேன். மீனும் சோறும் முழுசாகச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்ன, ஒண்ணும் சொல்லல?" என்றாள் அவள்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் எழுந்து போய் நின்று, அவன் இடது கையைப் பிடித்து உள்ளங்கையை மோந்து பார்த்தாள்.

"அங்க அவ கொழம்புல எத்தன சொட்டு இன்னிக்கு?"