மாஸ்டர்ஸ் படிக்காத மகள்

போன வாரம் பக்கத்து வீட்டு மல்லிகா ஒரு டப்பா நிறைய பால்கோவா கொண்டுவந்து கொடுத்தாள். அவள் மகள் ரூபிணிக்கு வேலை கிடைத்துவிட்டதாம். இங்கேயே, ஈப்போவில்... பேக்டரி ஆபிஸில் அக்கவுண்ட்ஸ்.

ஒரு துண்டை வாயில் போட்டேன். இனிக்கவே இல்லை. பொறாமை! வேறென்ன?

என் மகள் பவித்ராவும் அதே அக்கவுண்ட்ஸ்தான். ரூபிணியைவிட மார்க் அதிகம். எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறாள். இன்டர்நெட்டில் அவள் விண்ணப்பிக்காத வேலை இல்லை. பதில்? "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" — அதுவும் கம்ப்யூட்டர் தானாக அனுப்புவது. இப்போதெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டால்கூட அறையைவிட்டு வருவதில்லை.

"எப்படிக் கிடைச்சது?" என்று சிரித்தபடியே கேட்டேன். அந்தச் சிரிப்புக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பாக்குற ஆளுங்ககிட்டல்லாம் சொல்லி வச்சேன்லா அக்கா. கோயில்ல, பாசார்ல காய் வாங்குறப்போ, பேக்டரி பஸ் ஓட்டுற குமார் அண்ணன்கிட்ட... யாரு வேலைய விட்டு நிக்கிறாங்கன்னு அவருக்குத்தான் மொதல்ல தெரியும். சீட்டு காலியாகுதே!"

மல்லிகா வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு வீட்டுச் சேதி லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் போய்விடுமாம். அந்தப் பழக்கம் அவளை இன்னும் விடவில்லை.

ரூபிணியை இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றில் சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கிறாள். கொடுத்துவிட்டார்கள்! என் மகளோ, யாராவது கூப்பிட்டால் போதும், சொன்ன சம்பளத்துக்குத் தலையாட்டுவாள். படிப்பு ஒன்றுதான்... ஆனால் போக இன்னொரு இடம் இருப்பவருக்குத்தானே பேரம் பேசத் தெம்பு வருகிறது?

அத்தோடு மல்லிகா போயிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"குமார் அண்ணன் மொதல்ல பவித்ராவைத்தான்க்கா கேட்டாரு. அது மாஸ்டர்ஸ் பண்ணுதே, வராதுன்னு நான்தான் சொன்னேன். நீங்கதானே அப்படிச் சொன்னீங்க?"

ஆமாம், சொன்னேன். எங்கள் தாமானில் ஒரு வீடு விடாமல் சொன்னேன். நம் வீடுகளில் ஒரு காரியம் முடியும்வரை மூச்சு விடுவோமா? கண் பட்டுவிடுமே! பட்டதாரி மகள் சும்மா இருக்கிறாள் என்று சொல்ல வெட்கம் வேறு. தேடி வந்த வேலையை வாசலிலேயே திருப்பி அனுப்பியது நான்தான்.

மல்லிகாவை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. என்னைப் போலப் பொய் சொல்லத் தோன்றவில்லையே அவளுக்கு!

பவித்ராவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. "கண்ணு படுற அளவுக்கு என்கிட்ட என்னம்மா இருக்கு?" என்றாள்.

அதனால் வாசகர்களே... ஈப்போவில் அக்கவுண்ட்ஸ் படித்த பெண் ஒருத்தி வேலை தேடுகிறாள். என் மகள்தான் — தயவுசெய்து ஊரெல்லாம் சொல்லிவிடுங்கள்!