பத்துக்குப் பத்து

அக்காவும் நானும் ஒரே வகுப்பு. அவள் ஒரு வயது மூத்தவள்தான்; தனியாக அனுப்ப மனமில்லாமல் இருவரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பேரூர்ச் சாலையில் இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து கோயமுத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சவாரி வண்டி. அவளுக்குப் படிப்பென்றால் உயிர். எனக்கு வண்டியில் போவது மட்டும் பிடிக்கும்.

செகண்ட் பாரத்தில், அதாவது ஏழாம் வகுப்பில், இங்கிலீஷ் இலக்கணம் ஆரம்பித்த வாரம் அக்கா பெரியவளானாள். வாசலில் தென்னங்கீற்றுக் குச்சு கட்டி, அவளைப் பதினாறு நாள் அதில் உட்காரவைத்தார்கள். "இத்தோட பள்ளிக்கூடம் போதும்" என்றார் அப்பா. அவள் அழுத அழுகையில் அவரே கொஞ்சம் இளகினார். "இந்தப் பதினாறு நாளும் பாடத்துல பின்தங்காம இருந்தீன்னா, டீச்சரம்மாவைக் கேட்டுப்போட்டு அனுப்பறேன்." வீட்டுப்பாடத்தை என்னிடம் கொடுத்தனுப்பினால் போதும் என்று டீச்சரம்மாவும் சொல்லிவிட்டார்.

முதல் பாடம் ப்ரெடிகேட். வாக்கியத்தில் யார் என்பதை எடுத்துவிட்டால், என்ன செய்தார் என்று மிஞ்சுகிறதே, அது. ஒரு வினை இருந்தால் சிம்பிள். ஒரே ஆளுக்கு இரண்டு வினை சேர்ந்து வந்தால் காம்பவுண்ட். நாலு முறை சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை. சாயங்காலம் குச்சுக்குத் தள்ளி உட்கார்ந்து, கேட்டதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். அக்காவுக்கு உடனே பிடிபட்டது.

"தி புல்லக் டிரிங்ஸ். இது சிம்பிள். தி புல்லக் டிரிங்ஸ் அண்ட் ஸ்லீப்ஸ். இது காம்பவுண்டு. செரியா கண்ணு?"

பத்து வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். தீட்டோடு அவள் காகிதத்தைத் தொடக்கூடாது. அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். "மேல எம் பேரை எழுதிக் குடுத்துரு" என்றாள்.

என்னுடைய பத்தை நான் எழுதவே இல்லை. மறுநாள் வண்டியில் வைத்து அந்தத் தாளின் தலையில் என் பெயரை எழுதினேன். பிரம்படிக்குப் பயம், வேறொன்றுமில்லை. டீச்சரம்மா பத்துக்குப் பத்து போட்டு, என்னை எழுந்து நிற்கச்சொல்லி மெச்சினார். அந்த ருசி பழகிவிட்டது. அடுத்தடுத்த நாட்களும் அதே திருட்டுத்தான்.

பதினாறாம் நாள், அக்காவுக்குச் சீர் நடந்த அன்று டீச்சரம்மா விருந்துக்கு வந்தார். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன்.

"ஏனுங்க டீச்சரம்மா, பெரியவ பாடத்துல கூடவே வாராளுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"அவகிட்ட இருந்து ஒரு தாளும் வரலீங்க. சின்னவதான் வகுப்புலயே முதல்."

வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அப்பா பெருமையாக என் தலையைத் தடவினார். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அக்காவின் பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. அடுத்த தையில் அவளைப் பல்லடம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அத்தனை மாதமும் அவள் அந்தப் பாடங்களைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் தப்பாகப் போயிற்று என்றே நினைத்திருக்கிறாள். வண்டி ஏறுமுன் என்னை ஓரமாக அழைத்தாள்.

"அந்த மொதல் பத்துக்கு எத்தனை மார்க்குப் போட்டாங்க?"

"பத்துக்குப் பத்து."

அவள் முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்பறம் ஏங் கண்ணு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு உடலை?"

ஓவென்று அழுதேன். அக்காவைப் பிரிய முடியாமல் அழுகிறாள் என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். அக்காவும்தான். தன் கூறைப்புடவை முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.