அடுகோடியில் ஒன்பது நிமிடம்

2008 ஜூன் மாதத்தில், பச்சைமுத்து விடுப்பில் இருந்தபோது, அவருடைய சுமோவில் டேஷ்போர்டுக்கு அடியில் சோப்பு டப்பா அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்தினார்கள். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று அது அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்கள் அலுவலகத்துக்கு வண்டி விடும் ஏஜென்சி நாற்பது வண்டிகளிலும் ஒரே வாரத்தில் அதைப் பொருத்திவிட்டது. டிரைவர்கள் அதற்கு சிபிஐ என்று பெயர் வைத்தார்கள். "உள்ள சிபிஐ உக்காந்திருக்கான், மெதுவாப் பேசு" என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டார்கள். விடுப்பு முடிந்து வந்த பச்சைமுத்துவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அந்த ஏப்ரலில்தான் நான் பெங்களூர் திரும்பியிருந்தேன். ஓசூர் ரோட்டில் ஒரு மென்பொருள் அலுவலகத்தின் டிரான்ஸ்போர்ட் பிரிவில் வேலை கிடைத்தது. பெட்டி வந்த பிறகு என்னுடைய காலை வேலை ஒன்றே ஒன்றுதான். முந்தைய நாள் அறிக்கையை அச்செடுத்து, அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்காவது வண்டி ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றிருந்தால் அந்த வரியில் மஞ்சள் மார்க்கரால் கோடு போட வேண்டும். பிறகு அந்தத் தாளைப் பொறுப்பாளர் கணேசமூர்த்தியின் மேசையில் வைக்க வேண்டும். மூன்று மாதத்தில் எங்காவது கிளம்பிவிடலாம் என்று நினைத்தபடியே நான் கோடு போட்டேன்.

பச்சைமுத்துவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. தொண்ணூற்று ஒன்றில் செங்கத்திலிருந்து லாரி கிளீனராக வந்தவர். பிறகு டெம்போ, பள்ளி வேன், இப்போது சுமோ. ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகை வீடு. மனைவி சின்னத்தாயி கோரமங்கலாவில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துச் சமைத்துக் கொடுக்கிறார். காலை ஆறே முக்காலுக்கு லிங்கராஜபுரத்தில் என்னை ஏற்றிக்கொள்வது அவருடைய வண்டிதான். கண்ணாடிகளை மூடி ஏசி போட்டு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மே மாதம் முழுக்க இருமியபடியே ஓட்டினார். மாதக் கடைசியில் மஞ்சள் காமாலை என்று இரண்டு வாரம் விடுப்பு எடுத்தார். யாரோ கீழாநெல்லி கூடப் பறித்துக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது சட்டை தோளிலிருந்து தொங்கியது. இருமல் குறைந்திருந்தது.

அவர் வந்த நாளிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவருடைய வரியில் நான் கோடு போட வேண்டியிருந்தது. காலை நடைக்கும் பதினொன்றரை மணி நடைக்கும் நடுவில், பத்தே கால் சுமாருக்கு, அடுகோடியில் ஒன்பது நிமிடம். வரைபடத்தில் அந்தப் புள்ளி ஒரு ஒர்க்ஷாப்பின் மேல் விழுந்தது. டிரைவர்கள் டேங்கில் குழாய் விட்டு எடுக்கும் டீசலை அந்த ஒர்க்ஷாப்பில் வாங்குகிறார்கள் என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். முந்தைய ஆண்டு அங்கே இரண்டு டிரைவர்கள் பிடிபட்டபோது மேலிடத்தில் பேச்சு வாங்கியவர் கணேசமூர்த்தி. அதனால் அவர் பச்சைமுத்துவைக் கூப்பிட்டார்.

டீ குடிக்க நிறுத்துகிறேன் என்றார் பச்சைமுத்து.

"வாரத்துல மூணு நாள் மட்டும் டீ குடிக்கிற ஆள நான் இப்பதான் பாக்கறேன்" என்றார் கணேசமூர்த்தி. "ஒரு டீக்கு ஒம்போது நிமிஷமா? அவன் டீக்கடையா வச்சிருக்கான், டீ எஸ்டேட்டா?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் வண்டி நிற்பதாகப் பெட்டி எடுத்துக்கொள்ளாது என்று டிரைவர்களுக்குள் ஒரு பேச்சு உலவியது. பச்சைமுத்து அதை நம்பிவிட்டார் போலிருக்கிறது. அடுத்த வாரம் எஞ்சினை ஓடவிட்டு, மாற்றுச் சாவியால் கதவைப் பூட்டிவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். பெட்டி அதையும் தனியாகக் குறித்தது. எஞ்சின் ஓட, ஏசி ஓட, வண்டி நின்ற இடத்திலேயே டீசல் எரிந்ததால் மைலேஜும் இறங்கியது. இவ்வளவு நாள் கணேசமூர்த்திக்குச் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. இப்போது குறைந்த டீசலும் கையில் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை வங்கி வேலை என்று சொல்லிவிட்டு நான் பஸ்ஸில் அடுகோடிக்குப் போனேன். ஏன் போனேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. புள்ளி விழுந்த ஒர்க்ஷாப்புக்கு முன்னால் எண்ணெய்க் கறை படிந்த தரை, கழற்றிப் போட்ட டயர்கள். சுமோ அங்கே இல்லை. முப்பதடி தள்ளி, வேப்பமரத்தடியில், ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நின்றது. எதிரே மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சிறிய அரசு மருந்தகம். எங்கள் வரைபடத்தில் அந்தக் கட்டடமே கிடையாது.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பச்சைமுத்து பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கையில் இருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். எதிரே நர்ஸ் லட்சுமம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தார். கடைசி மாத்திரை போனதும், "பாயி தெகி அண்ணா" என்று கன்னடத்தில் வாயைத் திறக்கச் சொன்னார். பச்சைமுத்து திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அப்போதுதான் வாசலில் நின்ற என்னைக் கண்டார்.

சுவரில் காச நோய் பற்றிய விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே அலமாரியில் வரிசையாக அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அவருடைய பெயரும் இருந்தது.

வெளியே வந்து முதலில் எஞ்சினை அணைத்தார். பிறகு மரத்தடியில் நின்று சொன்னார். ஈஜிபுராவிலேயே மாத்திரை கிடைக்கும். ஆனால் அங்கே எல்லாரும் தெரிந்தவர்கள், வீட்டுக்காரர் காதுக்குப் போய்விடும். அதனால்தான் கெஞ்சி இங்கே மாற்றிக்கொண்டாராம். முதல் இரண்டு மாதம் நர்ஸ் கண்ணெதிரில் விழுங்க வேண்டும். இன்னும் மூன்று வாரம். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும், மிச்சத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். இப்போது அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்ன பிறகே ஸ்டியரிங்கைத் தொட்டாராம்.

கணேசமூர்த்தியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், டீசல் பழியாவது போகும் என்றேன்.

"டீசல் திருடினேன்னு சொன்னா இந்த ஏஜென்சி போவும், மேடம். இன்னொருத்தன் ரெண்டு திட்டு திட்டிட்டு சாவியக் குடுப்பான். டிபின்னு சொன்னா யாரு குடுப்பான்? ரூம காலி பண்ணச் சொல்லுவான். சின்னத்தாயிய நாலு வீட்லயும் நிறுத்திடுவாங்க. எது லேசு, நீங்களே சொல்லுங்க."

இனிமேல் கோடு போடாமல் விட்டுவிடுகிறேன் என்றேன்.

"கோடு இல்லன்னா வரி இல்லாமப் போயிடுமா?" என்றார். பிறகு மருந்தகத்தைக் காட்டினார். "அந்தம்மா வாயத் தொறக்கச் சொல்லிப் பாக்கறாங்க. எனக்கு ஒண்ணும் தோணல. எதுக்குப் பாக்கறாங்கன்னு தெரியுது. வண்டியில இருக்கறது எதுக்குப் பாக்குதுன்னே தெரியல." அலுவலகம் வரை கொண்டுவிடட்டுமா என்று கேட்டார். கேட்ட வேகத்திலேயே, வேண்டாம், நீங்கள் ஏறியதையும் பெட்டி எழுதிவிடும் என்று மறுத்துக்கொண்டார். பெட்டிக்கு அது தெரியாது என்று நான் விளக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கணேசமூர்த்தி ஒரு வெள்ளைத் தாளைப் பச்சைமுத்துவின் முன்னால் வைத்தார். சத்தம் எதுவும் போடவில்லை. போலீசுக்கெல்லாம் போகமாட்டேன், எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். வாய்வரை வந்ததை நான் விழுங்கிக்கொண்டு பச்சைமுத்துவைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எந்தெந்த தேதி போடணும், சார்?" என்று கேட்டார்.

கணேசமூர்த்தி என்னுடைய தாள்களை எடுத்து நகர்த்தினார். பச்சைமுத்து மஞ்சள் கோடுகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்து எழுதினார். ஜூன் பதினாறு, பதினெட்டு, இருபது. மாத்திரை விழுங்கிய ஒன்பது நாட்களும் அவர் கையெழுத்தில் டீசல் திருடிய நாட்களாயின. சாட்சிக் கையெழுத்துக்கு ஒருவர் வேண்டும் என்று கணேசமூர்த்தி தாளை என்னிடம் தள்ளினார். போட்டேன். பச்சைமுத்து சாவியை மேசையில் வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். பஸ்ஸில் போனாலும் மருந்தகம் மூடுவதற்குள் போய்விடலாம்.

அன்றிரவு எனக்கு மே மாதத்து வண்டி நினைவுக்கு வந்தது. மூடிய கண்ணாடி, முன் இருக்கையில் இருமல், பின்னால் நாங்கள் ஆறு பேர். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற ஐந்து பேருக்கும் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஏசி வண்டி யாருக்கும் நல்லதில்லை, ஒருமுறை சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் போனார்கள்.

வியாழக்கிழமை நான் அடுகோடிக்கே போனேன். லட்சுமம்மா சிறிய டப்பா ஒன்றைக் கொடுத்து, நாளைக் காலை எழுந்ததும் அதில் சளியை எடுத்து வரச் சொன்னார். அலமாரியில் பச்சைமுத்துவின் பெட்டி இருந்தது. திறந்த பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாகக் காலியான ஒரு மாத்திரை அட்டை தெரிந்தது. நேற்றைய மாத்திரையாகத்தான் இருக்கும்.

மறுநாளும் டப்பாவோடு போய், ஒரு மணி நேரம் தாமதமாக அலுவலகம் வந்தேன். வங்கிக்குப் போனேன் என்றேன். "ஓ, சரி" என்றார் கணேசமூர்த்தி. எந்த வங்கி என்று கேட்கவில்லை. என் மேசையில் முப்பத்தொன்பது வண்டிகளின் அறிக்கை இருந்தது. மார்க்கரின் மூடியைக் கழற்றினேன்.