பெயரை அழித்தால் கடிதம் நிற்காது

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘வேண்டாமக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக் கம்பெனிகளுக்காக டாக்டர்களுக்குக் கடிதம் அச்சடித்து அனுப்பும் இடம் அது. ‘எனக்கு இனிமேல் அனுப்ப வேண்டாம்’ என்று எழுதுகிறவர், போனில் கத்துகிறவர், எல்லாரும் இவள் தலையில்தான் வந்து விழுவார்கள். ஆறு பிள்ளைகளில் மூத்தவளாகப் பிறந்து, தங்கைகளின் பிரசவம், தம்பிகளின் சண்டை, மாமனாரின் முன்கோபம் என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்தவள். அடுத்தவர் கோபத்தை வாங்கி மடியில் கட்டிக்கொள்வது பழகிப்போன உடம்பு. இப்போது அந்த உடம்புக்கே அலுத்துவிட்டது.

அன்று காலை போனில் வந்த குரல் தெரிந்த குரல். இறந்துபோன ஒரு டாக்டரின் மனைவி.

“போன மாசமே சொன்னேனேம்மா. மறுபடி வந்திருக்கு. என் மாமியாருக்கு ஞாபகம் சரியில்ல. மகன் பேர் போட்ட கவரைப் பாத்தா, அவன் வந்துடுவான்னு வாசல்லயே நிக்கறாங்க. நான் எத்தன தடவதான் அவங்களுக்குச் சாவு சொல்றது?”

‘அவர் பேரே உங்ககிட்ட இருக்கக் கூடாது’ என்று இந்த அம்மாள் அழுதபோது மனசு இளகி, பெயரை அடியோடு அழித்தவள் வேண்டாமக்காதான். கம்பெனிக்காரர்கள் மாதாமாதம் புதிதாக முகவரிகளைத் தருவார்கள். ‘அனுப்பாதே’ என்ற பட்டியலோடு ஒத்துப் பார்த்துத்தான் கடிதத்தை நிறுத்துவது. அந்தப் பட்டியலிலேயே பெயர் இல்லையென்றால் எதை வைத்து நிறுத்துவது?

“அம்மா, அழிச்சதுதான் நான் செஞ்ச தப்பு. பேரும் முகவரியும் இருந்தாத்தான் தடுக்க முடியும். வேற எதுக்கும் எடுக்க மாட்டோம். வெச்சுக்கட்டுமா?”

“வெச்சுக்கோங்க” என்று மட்டும் பதில் வந்தது.

ஆனால் அந்த டாக்டர் பேருக்கு அடுத்த கடிதம் ஏற்கெனவே ஒட்டி, மூட்டையில் ஏறியிருந்தது. தபால் வண்டி மத்தியானம் வரும்.

“ஒரு கவருக்காக மூட்டையப் பிரிக்கணுமா?” என்று மேலாளர் எரிந்து விழுந்தார். “யாரு அந்த மகாராசன்? காரணத்தைச் சொல்லு, நாலு பேரை உதவிக்கு விடறேன்.”

சொன்னால் இளகிவிடுவார், அவருக்கும் வயதான தாய் உண்டு. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள். “அது அவங்க வீட்டு விஷயம் சார். நானே பிரிச்சு நானே கட்டிடறேன்.”

“பிரி, பிரி. முதுகு உன்னுது.”

குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் புரட்டினாள். வண்டிக்காரர் ஹாரன் அடிக்கும்போதுதான் அந்தக் கவர் கையில் சிக்கியது. திறக்காமல் கிழிக்கும் எந்திரத்தில் கொடுத்துவிட்டு, மூட்டையின் வாயைத் தைத்தாள்.

அடுத்த வாரம் அதே அம்மாள் போன் செய்தாள். இவள் முந்திக்கொண்டு கேட்டாள்.

“மறுபடி வந்துடுச்சாம்மா?”

“இல்ல, வரல. மாமியார்தான் தபால்காரரை நிறுத்தி, ‘என் மகனுக்கு ஏன் ஒண்ணுமே வரல’ன்னு கேட்டுட்டு இருக்காங்க.” அவசரமாக, “உங்களக் குறை சொல்லல. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு.”

“சொல்லுங்கம்மா,” என்று வேண்டாமக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.