வலது ஓர இருக்கை

தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக அவள் ஒரே இடத்தில் நின்றாள். பிரஸ் மெஷின் அவளுக்கு இடப்பக்கம். நிமிடத்துக்கு அறுபது மூடி, மூடிக்கு ஓர் அடி. எல்லோரும் மூடியக்கா என்றார்கள். போன வருடம் இடது காது முழுதாகப் போயிற்று. கம்பெனி டாக்டர் தாளில் 'வயது காரணமாக' என்று எழுதினார்.

"ரெண்டு காதும் ஒரே நாள்ல பொறந்ததுதானே டாக்டர்? இதுக்கு மட்டும் எப்படி வயசாச்சு?" என்றாள்.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வேறொரு டாக்டரிடம் தானாகப் போனாள். வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது, இரண்டு வருடம் தாங்கலாம் என்றார் அவர்.

அவளுக்குப் பிடித்தது ஒரே ஒருவரின் வாசிப்பு. அவர் வெளிநாட்டுக் கிளாரினெட்காரர். ஒன்பது வருடமாகப் பஸ்ஸிலும் மாடியில் துணி உலர்த்தும்போதும் போனில் அவரைக் கேட்டுவந்தாள். அரங்கில் மைக் வைக்க விடமாட்டார் என்று எங்கோ படித்திருந்தாள். மைக் இல்லாத அந்த மூச்சை, காது இருக்கும்போதே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவருடைய ஊரில் ஒரு பகல் நிகழ்ச்சிக்கு இடம் பிடித்தாள். விமானத்துக்கும் டிக்கெட் எடுத்தாள்.

அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"யாரைக் கேட்டு டிக்கெட் எடுத்த?"

"யாரையும் கேக்கல. அவரைக் கேக்கத்தான் எடுத்தேன்."

"ஊதுறதைக் கேக்கவா பிளேன்ல போவாங்க?" என்றாள் அண்ணி. "நம்ம குக்கரே நல்லா ஊதுதே."

"உங்களுக்கு ஊதுது அண்ணி. எனக்கு மூணு விசில்ல ஒண்ணுதான் வருது."

அண்ணன் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

விடுப்புக் கடிதத்தில் 'கிளாரினெட் வித்வானைக் கேட்பதற்காக' என்று எழுதியிருந்தாள். மேனேஜர் அதை இரண்டு தரம் படித்தார்.

"அவரை என்னம்மா கேக்கப் போறீங்க?"

"வாசிக்கிறதை."

"அதைப் போன்லயே கேட்டுடலாமே."

"ஒம்பது வருஷமா போன்லதான் சார் கேக்கிறேன்."

"பதிலே சொல்ல மாட்டேங்கிறாரா?"

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த மாசம் ஆர்டர் நெறைய இருக்கு. லீவு கிடையாது."

"நான் லீவு கேக்கல சார். சொல்லிட்டுப் போறேன்."

அரங்கத்தில் தன் இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் செய்த காரியம் புரிந்தது. இடம் பிடிக்கும்போது வலது ஓரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கேட்கிற காது வலது, அதனால் வலது பக்கம், அவ்வளவுதான் யோசித்திருந்தாள். வலது ஓரத்தில் உட்கார்ந்தால் மேடை இடப்பக்கம் இருக்கும். செத்த காது மேடையைப் பார்த்திருந்தது, உயிருள்ள காது சுவரை. இருபத்திரண்டு வருடம் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்ற அதே நிலை.

அவர் வாசிக்கத் தொடங்கினார். சுவரில் பட்டு மிச்சமானது ஏதோ வந்தது. போனிலேயே இதைவிட நன்றாகக் கேட்கும். தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

முதல் உருப்படி முடிந்து கைதட்டும்போது இருக்கையிலேயே உடம்பைத் திருப்பினாள். மேடைக்கு முதுகும் வலது காதும், கூட்டத்துக்கு முகமும். பின்வரிசைக்காரி முகம் சுளித்தாள். அரங்கப் பணியாளர் ஒருவர் குனிந்தபடி வந்து, முன்னால் பார்க்கும்படி விரலால் சைகை செய்தார். அவள் இடது காதைத் தொட்டுக் கையை விரித்தாள். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சைகை செய்தார். அவள் அசையவில்லை, முறைத்தாள். வாசிப்பு தொடங்கிவிட்டதால் அவர் போய்விட்டார்.

முதலில் மூச்சு வந்தது. பிறகு குழல். அதற்கடியில் இன்னொன்று: விரல் அழுத்த, துளைகளின் மேல் சின்ன மூடிகள் விழும் சத்தம். பஞ்சில் விரலால் தட்டுவதுபோல. மூடி இப்படியும் மூடும் என்று இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அழுகை வரவில்லை. கம்பெனி டாக்டரின் தாளில் இருந்த இரண்டு வார்த்தைகள் ஞாபகம் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"ஆளைப் பாத்தியா?" என்றார் அண்ணன், பெட்டியை உள்ளே எடுத்து வைத்தபடி.

"சரியாப் பாக்கல."

"அவ்வளவு தூரம் போயி பாக்கலையா?"

"கேட்டேன்."

மறுநாள் பட்டறையில் மேனேஜர் நிற்க வைத்துப் பேசினார். யாரைக் கேட்டுப் போனீர்கள் என்று தொடங்கியது மட்டும் தெரிந்தது. அதற்குள் அவள் கொஞ்சம் திரும்பிக்கொண்டாள். மீதியை முழுக்கக் காது கொடுத்துக் கேட்டாள். இடது காதை.